சீனி குறைந்த பஞ்சாமிர்தம்

எங்கள் வீட்டில் ஒரு சொல்லால் ஒரு கால்விரல் போனது. சீனி என்கிற சொல்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி வரவேண்டிய தோட்டம் எங்களுடையது. கீழே ரப்பர், மேலே தேயிலை. நான் மேலே கொழுந்து எடுக்கிறேன். அவருக்குச் சீனி வியாதி இருக்கிறதென்று தெரியவந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் சொன்னது இரண்டு வார்த்தைதான். "சீனி எப்பா." சீனி வேண்டாம். இவருக்குச் சிங்களம் தமிழைப் போலவே வரும். நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து அன்றைக்கே சீனியை விட்டுவிட்டார். சீனிப் போத்தலை அடுப்படியிலிருந்தே எடுத்துவிடச் சொன்னார். அப்படி ஒரு பிடிவாதம்.

அதற்குப் பிறகு பாலும் சீனியும் இல்லாத வெறும் பிளேன்டி தேத்தண்ணீர்தான். இடது உள்ளங்கையில் கித்துள் மரத்துக் கருப்பட்டி, சிங்களத்தில் ஹக்குரு, ஒரு துண்டு வைத்துக்கொள்வார். ஒரு கடி, ஒரு மிடறு. காலையில் மரத்துக்குப் போகுமுன் ஒன்று, பால் ஊற்றிவிட்டு வந்து ஒன்று, இப்படி ஒரு நாளைக்கு ஐந்து தடவை. இது பரவாயில்லையா என்று நான் ஒரு தரம் கேட்டேன். "டாக்டர் மாத்தயா சீனிதானே எப்பான்னாரு. இது ஹக்குரு" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறைக்கமாட்டேன். சந்தையில் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து, முகர்ந்து, வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவளே நான்தான்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு வைகாசி மழையில் இடது காலில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் காலில் ரத்தம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அட்டை கடித்திருக்கும். அட்டை கடித்தால் வலிக்காது, ரத்தம் மட்டும் நிற்காமல் வரும். அவருக்கும் வலிக்கவில்லை. அதனால் அட்டை என்றே முடிவு செய்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, புகையிலை வைத்துக் கட்டினோம். நாலு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் சின்ன விரலுக்குப் பக்கத்து விரலில், பால் பிடிக்கிற சிரட்டையின் ஒரு சில்லு உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது. வியாதிக்காரனுடைய காலுக்கு உணர்ச்சி செத்துப்போகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

புண் ஆறுவதும் பழுப்பதுமாக ஆடி மாதம் வந்துவிட்டது. ஆடியில் எங்கள் அம்மாள் கோயிலுக்குப் பத்து நாள் திருவிழா. ஏழாம் நாள் உபயம் எங்கள் வீட்டுடையது, என் மாமனார் காலத்திலிருந்து. அன்றைய அபிஷேகமும் பிரசாதமும் எங்கள் கையால்தான் நடக்கவேண்டும். பிரசாதம் பஞ்சாமிர்தம். இவர் பத்து நாளும் விரதம். ஏழாம் நாள் பூஜை முடிந்ததும் விரதக்காரனின் பசிக்குப் பஞ்சாமிர்தத்தையே வயிறாரச் சாப்பிடுவார். அந்த வருஷமும் அள்ளி அள்ளித்தான் சாப்பிட்டார். வாழைப்பழத்தின்மேல் சீனியைக் குவித்து நானே பிசைந்தது.

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் அம்மாள் தேரில் வலம் வரும்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். விரலை எடுத்தார்கள். எடுத்துவிட்டு, அடுத்த முறை விரலோடு நிற்காது, கணுக்காலோடு போகவேண்டி வரும் என்று சொன்னார்கள். கால் போனால் பால் வெட்டு கிடையாது. அதைவிட, கோயிலுக்கு ஏறுகிற அறுபத்திரண்டு படி கிடையாது. அவருக்கு அந்தப் படிதான் உயிர்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ் ஒருவர் இருந்தார், சிங்களப் பெண், எங்களுக்காகத் தமிழும் கொஞ்சம் கலந்து பேசுவார். அவர்தான் உட்காரவைத்து விளக்கினார். சீனி, ஹக்குரு, தேன், எல்லாம் ரத்தத்துக்குள் போனால் ஒன்றுதான் என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்றோடு கருப்பட்டியும் நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. பஸ்ஸில் வரும்போது, நானாகத்தான், அப்படியென்றால் இனி பஞ்சாமிர்தமும் வேண்டாம் என்று சொன்னேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "பிரசாதத்தப் பத்தி மிஸ் ஒண்ணும் சொல்லல" என்றார். அப்புறம், "பிரசாதத்துக்குச் சீனி ஏறாது" என்றார்.

நான் சாமி கும்பிடுகிறவள். விளக்கேற்றாமல் அடுப்பை மூட்டினது கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் விரதம். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது, ஆனால் அம்மாளோடு பேசுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. அம்மாள் முன்னால் நின்று கேட்டேன். தாயே, இந்த மனுஷன் உன் பெயரைச் சொல்லி வாயில் போடுகிறதை நான் தட்டிவிட முடியாது. தட்டினால் பாவம் எனக்கு. ஆனால் அவர் காலை நீ கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. அவரை மாற்ற முடியாது. பிரசாதத்தை மாற்றலாம். அதைச் செய்கிற கை என் கைதானே.

புது ரப்பர்க் கன்று வைத்த மலையில், கன்றுகளுக்கு நடுவே அன்னாசி போட்டுக்கொள்ள எங்களுக்கும் ஒரு கீற்று நிலம் விட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் பழுக்கிற அன்னாசிக்குச் சீனியே வேண்டாம், தேன் மாதிரி இருக்கும். ஆடிப் பழமோ மழை குடித்துச் சப்பென்று புளித்துக் கிடக்கும். ஆகவே சித்திரைப் பழத்தை ஆடி வரைக்கும் வைத்திருக்கவேண்டும், சீனியைக் கொட்டாமல். அப்படி வைத்திருந்தால் பஞ்சாமிர்தத்தின் தித்திப்பை அந்தப் பழத்தை வைத்தே சமாளித்துவிடலாம். இதுதான் என் யோசனை.

யோசனை சுலபம். அடுத்த சித்திரையில் முதல் தரம் நாலு பழத்தை அரிந்து, ஒரு கைப்பிடி சீனி மட்டும் போட்டுக் காய்ச்சி, கழுவின ஜாம் போத்தல்களில் அடைத்து மூடி அடுப்படி மூலையில் வைத்தேன். அன்னாசி ஜாம் என்றால் பழத்துக்குச் சமமாகச் சீனி போடவேண்டும் என்பார்கள். நான் அதையெல்லாம் கேட்கிறவளா. அடைத்த எட்டாம் நாள் மத்தியானம், எங்கள் லயத்து வரிசையில் அடுத்த அறை, அடுத்த காம்பரா மதினி உப்பு வாங்க வந்து நிற்கும்போது, டப்பென்று ஒரு மூடி எகிறிக் கூரைத் தகரத்தில் பட்டது. நுரை வழிந்தது. வாசம் சொல்லவே வேண்டாம்.

மதினி மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள். "என்னா மதினி, கசிப்பு காச்சுறீங்களா? பொலிஸ் வந்தா எங்க காம்பராவக் காட்டிக்குடுத்துறாதீங்க."

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு காம்பராவுக்கும் சேதி போய்விட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் ஆளாளுக்கு ஒரு சொல். விரதக்காரன் வீட்டில் கள்ளச்சாராயம் என்று ஒருத்தி, நல்லதாக வந்தால் தன் புருஷனுக்கு ஒரு போத்தல் வேண்டும் என்று இன்னொருத்தி. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து அடுத்த நாலு பழத்தை அரிந்தேன்.

இரண்டாம் தரம் இன்னும் மோசம். பஞ்சாமிர்தத்துக்குத்தானே என்று வாழைப்பழத்தையும் சேர்த்தே அடைத்துவைத்தேன். கறுத்து, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது. குழி தோண்டிக் கொட்டினேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்.

மருந்து எடுக்கும் நாளில் கிளினிக் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் அம்மா இப்படிப் பழம் அடைத்து வைப்பாராம். சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, அதுதான் பழத்துக்குக் காவல் என்று விளக்கினார். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்யவேண்டும். சூடும் புளிப்பும் செய்யும். போத்தலையும் மூடியையும் கொதிநீரில் போட்டு எடு. பழத்தில் தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைச் சாறு, விடு. சூடு ஆறுமுன் அடை, கழுத்தில் ஒரு விரல் இடம் விடு. மூடினதும் போத்தல்களைப் பெரிய சட்டியில் துணி போட்டு அடுக்கி, தலை முழுகத் தண்ணீர் ஊற்றி, கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடு. வாழைப்பழத்தில் புளிப்புப் பத்தாது, அதை அன்றைக்கு அன்றைக்குத்தான் சேர்க்கவேண்டும். கடைசியில் ஒன்றைச் சொன்னார். பழத்திலேயே சீனி இருக்கிறது அக்கா, அவருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் எப்பா. அந்த எப்பாவை மட்டும் இந்தத் தடவை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் தரம் அன்னாசியோடு இரண்டு புளிப்பு அம்பரெல்லாக் காயையும் துருவிப் போட்டேன். அது இருந்தால் சீனி இல்லாமலே பழம் கெட்டியாகும், இது நானே கண்டுபிடித்தது. அடி பிடிக்காமல் கிண்டி, கரண்டி போன வழி சட்டியில் தெரிகிற வரைக்கும் வற்றவைத்தேன். ஆறு போத்தல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசி, அம்மாளே மூடியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிச் சட்டியில் இறக்கினேன். எடுத்துவைத்து ஆறும்போது ஒவ்வொரு மூடியாக நடுவில் உள்ளே குழிந்து டிக் என்று ஒரு சத்தம். ஆறு டிக்கையும் எண்ணிவிட்டுத்தான் எழுந்தேன்.

ஒரு மாதம் போனது, நுரையில்லை. இரண்டு மாதம், பூஞ்சணம் இல்லை. மதினி அவ்வப்போது வந்து போத்தலில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, சாராயம் இன்னும் பேசவில்லை என்பாள்.

ஆடி நெருங்க, சேதி கோயில் கமிட்டித் தலைவரிடம் போயிற்று. அவர் ஓய்வுபெற்ற கங்காணி, எங்கள் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை, எனக்கு அண்ணன். நல்ல மனுஷர்தான், ஆனால் தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டுப் பழகாதவர். பீலியடியில் நாலு பேர் பார்க்க என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, பஞ்சாமிர்தத்துக்குச் சீனி போடப் போறதில்லியாமே? அம்மாளுக்குப் பத்தியச் சாப்பாடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"போடுறேங்கண்ணே. பழம், சீனி, தேனு, நெய்யி, பேரீச்சம்பழம், அஞ்சும் இருக்கு. அளவுதான் கொறவு. அம்மா அளவு கேட்டதா எனக்குத் தெரியலீங்க."

"காலங்காலமா உள்ள வழக்கம்."

"போன வருசம் வழக்கப்படிதான் செஞ்சேன். விரலு போயிருச்சுங்களே."

அவர் முகம் சுண்டிவிட்டது. பிரசாதத்தால் விரல் போனதென்று சொல்வது தெய்வக் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாமியால் போனதென்று நான் சொல்லவில்லை. சீனியால் போனது. சாமி வேறு, சீனி வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எங்கள் லயத்தில் இன்னும் மூன்று பேர் காலைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

வீட்டுக்காரருக்கு அன்றைக்கு என்மேல் கோபம். உபயம் அவர் பெயரில். நாலு பேர் முன்னால் மச்சானை எதிர்த்துப் பேசினது அவருக்குக் கேவலமாகப் போய்விட்டது. சோற்றை வைத்தேன், சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். போத்தல்களை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் குளித்து ஈரச்சேலையோடு ஆறு போத்தலையும் திறந்தேன். ஒவ்வொன்றும் புஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டு திறந்தது. சித்திரை வெயில் அப்படியே உள்ளே இருந்தது. கோழிக்கூட்டு வாழைப்பழத்தைப் பிசைந்து, பேரீச்சம்பழம் அரிந்து, நெய்யும் தேனும் பெயருக்கு விட்டு, சீனியில் ஒரே ஒரு கைப்பிடி போட்டுக் கலந்தேன். அண்டாவைத் தலையில் வைத்து அறுபத்திரண்டு படியும் ஏறினேன். பூசாரி ஒன்றும் கேட்காமல் வாங்கி அம்மாளுக்கு அபிஷேகம் செய்தார். கருவறை முழுக்க அன்னாசி வாசம். அந்த நேரம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பயத்தில் இல்லை.

பிரசாதம் கொடுக்க வெளியே வந்தால், என் அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அண்டா இருந்தது. தலைவர் வீட்டில் செய்தது. வழக்கம் கெடக்கூடாது என்று அதையும் பூஜையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் சீனி தண்ணீர்விட்டு மினுமினுவென்று நின்றது. சனம் வரிசையில் வந்து அங்கே ஒரு கரண்டி, இங்கே ஒரு கரண்டி வாங்கியது. என்னுடையதை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தவர்கள் உண்டு. மறுபடி வரிசையில் வந்தவர்களும் உண்டு. மதினி மூன்று தரம் வந்தாள், கேட்டால், கசிப்பு ஏறுகிறதா என்று பார்க்கிறாளாம்.

அப்புறம் இவர் வந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, இடது காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து. இரண்டு அண்டாவுக்கும் நடுவில் நின்றார். பிரசாதம் வாங்க வலது கை ஒன்றுதான், அதன் கீழே இடது கையைத் தாங்கக் கொடுத்துக்கொண்டு நின்றார். கை எந்தப் பக்கமும் நீளவில்லை.

"மச்சான், விரதக்காரனுக்கு அது எந்த மூலைக்கு? இங்க வா" என்றார் தலைவர். கரண்டி நிறைய அள்ளியும் விட்டார்.

நான் என் கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். கோயிலில் ஆம்பிளைகளுக்குக் குறுக்கே நான் நின்றது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, இவருக்கு இந்தக் கால்ல நாலு, அந்தக் கால்ல அஞ்சு. மொத்தம் ஒம்பது வெரலு. ஒம்பதையும் அம்மாகிட்ட எண்ணி ஒப்படைச்சிருக்கேன். உங்க கரண்டிய நீட்டாதீங்க."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். தலைவர் கரண்டியை நீட்டவும் இல்லை, இறக்கவும் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, எனக்குத் தெரியாதா. என்னைத் தாண்டி என் அண்டாவைப் பார்த்தார்.

"புளிக்குமா?" என்றார்.

"கொஞ்சம் புளிக்கும்."

"அம்மாவுக்கு அபிசேகம் பண்ணியாச்சா?"

"ஆச்சு. பூசாரி கையால."

"அப்ப அதுவும் பிரசாதந்தானே" என்று சொல்லிக் கையை என் பக்கம் நீட்டினார்.

ஒரு தேக்கரண்டி வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். உள்ளங்கையை நக்கினார், மறுபடி நீட்டினார். நான் வைக்கவில்லை. இதிலும் பழச்சீனி இருக்கிறது, ஒன்றுதான் என்றேன். சாமி பிரசாதத்துக்கு அளவா என்று முணுமுணுத்தார். ஆமாம், அளவு என்றேன். சனம் சிரித்தது. அவித்த கடலையைத் தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டுத்தான் அன்றைக்கு விரதப் பசியை ஆற்றினார். பத்தாம் நாள் காய்ச்சல் இல்லாமல், தன் இரண்டு காலால் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு போனேன். அன்றைக்கு அம்மாள் முகத்தைப் பார்த்ததைவிட அவர் குதிகாலைப் பார்த்ததுதான் அதிகம், அம்மாள் மன்னிப்பாள்.

அது போன வருஷம். இந்தச் சித்திரையில் எட்டு போத்தல் அடைத்திருக்கிறேன். லயத்தில் காலைக் கட்டிக்கொண்டு நடக்கிற மூன்று வீட்டிலிருந்தும் வெறும் போத்தல் வந்தது, கூடவே ஆளுக்கு ஒரு அன்னாசியும். கழுவுகிற விதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன கிழமை கமிட்டியிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. ஏழாம் நாள் உபயக்காரர் வழக்கப்படி பஞ்சாமிர்தம் செய்வாரா, இல்லையென்றால் அன்றைய பிரசாதத்தை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாமா, எழுத்தில் பதில் தரவேண்டும் என்று. நான் உட்கார்ந்து நாலு வரி எழுதினேன். எங்கள் வீட்டு உபயத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டோம், அம்மாளுக்கு ஐந்து பொருளும் குறையாமல் வைப்போம், சீனி குறைவாகத்தான் போடுவோம், விருப்பமில்லாதவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகலாம். கையெழுத்து அவருடையது வேண்டும். பால் வெட்டிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு (இப்போது தினமும் பார்க்கிறார்) கடுதாசியை வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். கிழித்துவிடுவாரோ என்று நினைத்தேன். கிழித்தாலும் இன்னொன்று எழுதத்தான் போகிறேன்.

அவர் பேனையைக் கேட்டார். கையெழுத்துப் போடுமுன் ஒரு இடத்தில் நிறுத்தி, 'சீனி' என்று நான் எழுதியிருந்ததற்கு மேலே, கோணல் கோணலாக ஒரு வார்த்தையைச் சேர்த்தார்.

கருப்பட்டியும்.